மரக்கடையில் "ஃபர்ஸ்ட் குவாலிட்டி"னு சொன்னா, நாம எதுக்கு காசு கொடுக்கறோம்?

ஹோம் லோன் வட்டியில் கால் பர்சென்ட் குறைக்க நாலு பேங்க் ஏறி இறங்குவோம். ஆனா அதே வீட்டுக்கு மரம் வாங்கப் போனா, "இது ஃபர்ஸ்ட் குவாலிட்டி சார்"னு ஒரு வார்த்தை போதும், ஜிபே பண்ணிட்டு வந்துடுவோம். நானும் அப்படித்தான். நிலைக்கு வாங்கின தேக்கில் ஓரமா வெள்ளை இருந்தது. பாலிஷ் போட்டா தெரியாதுன்னாங்க. உண்மைதான், தெரியல. ரெண்டாவது வருஷம் நிலைக்கு கீழே மாவு மாதிரி கொட்ட ஆரம்பிச்சப்போதான் தெரிஞ்சது.

அதுக்கப்புறம்தான் மரத்தை எப்படி தரம் பிரிக்கறாங்கன்னு உட்கார்ந்து படிச்சேன். அமெரிக்காவில் நேஷனல் ஹார்ட்வுட் லம்பர் அசோசியேஷன்னு ஒரு அமைப்பு 1898-ல் ஆரம்பிச்சது. அங்கேர்ந்து இங்க இறக்குமதியாகும் ஓக், ஆஷ் பலகைகளுக்கெல்லாம் அவங்க விதிதான். நான் ஆச்சரியப்பட்டது இதுக்குத்தான்: அந்த தரம் அழகைப் பத்தியும் இல்ல, பலத்தைப் பத்தியும் இல்ல. ஒரு பலகையிலிருந்து கணு, வெடிப்பு இல்லாத சுத்தமான துண்டுகள் எவ்வளவு வெட்டி எடுக்கலாம்? அவ்வளவுதான் கேள்வி. அதையும் பொதுவா பலகையோட மோசமான பக்கத்தைப் பார்த்துத்தான் முடிவு பண்றாங்க. (நமக்கு கடையில் காட்டறது எந்தப் பக்கம்னு யோசிச்சுப் பாருங்க.)

மேல் தரத்துக்கு எஃப்.ஏ.எஸ்.னு பேரு. பலகையில் குறைஞ்சது 83⅓ சதவீதம் சுத்தமா இருக்கணும். துண்டும் பெருசா இருக்கணும்: குறைஞ்சது 4 அங்குல அகலத்தில் 5 அடி, இல்லைன்னா 3 அங்குலத்தில் 7 அடி. அடுத்து நம்பர் ஒன் காமன். அதில் 66⅔ சதவீதம் போதும்; துண்டு 4 அங்குலத்தில் 2 அடியோ, 3 அங்குலத்தில் 3 அடியோ இருந்தாலே போதும்.

இப்போ நம்ம கணக்குக்கு வருவோம். 8 சதுர அடி பலகை. எஃப்.ஏ.எஸ். விலை 2,000 ரூபாய், நம்பர் ஒன் காமன் 1,400 ரூபாய்னு சும்மா வச்சுப்போம். முதலாவதில் சுத்தமான மரம் சுமார் 6.67 சதுர அடி, அதாவது சதுர அடி 300 ரூபாய். ரெண்டாவதில் 5.33 சதுர அடி, சுமார் 262 ரூபாய். அப்போ ரெண்டாம் தரம்தான் லாபம். அதே பலகை 1,700 ரூபாய்னா 319 ஆயிடும், நஷ்டம். 66⅔-ஐ 83⅓-ஆல் வகுத்தா 80 சதவீதம். கீழ்த் தரத்தோட விலை மேல் தரத்தில் 80 சதவீதத்துக்கு கீழே இருந்தாத்தான் அது மலிவு.

அதுவும் உங்களுக்கு வேண்டியது சின்ன துண்டுகளா இருந்தா மட்டும். ஸ்டூல், டிராயர் முகப்பு, கட்டில் கால் இதுக்கெல்லாம் ரெண்டாம் தரம் தாராளம். 7 அடி நிலைக்காலுக்கு அது உதவாது.

நம்ம ஊர்ல தேக்கை இந்த முறையில் தரம் பிரிச்சு விக்கறது வழக்கமில்ல. ஆனா கணக்கைக் கடன் வாங்கிக்கலாமே. வெட்ட வேண்டிய துண்டுகளோட அளவை ஆசாரிகிட்ட எழுதி வாங்கிட்டு கடைக்குப் போங்க. ஒவ்வொரு பலகையையும் புரட்டிப் பாருங்க.

ஆனா ஒரு விஷயத்தில் அமெரிக்க விதி நமக்குக் காணாது. வெள்ளையை அது பொதுவா குறையாவே எடுத்துக்கறதில்ல. பூச்சியும் கரையானும் முதல்ல தேடி வர்றது அந்த வெள்ளையைத்தான்; தேக்கில் நாம காசு கொடுக்கறது வைரத்துக்கு. வெட்டு முனையைப் பாருங்க, வெள்ளை எங்க முடிஞ்சு வைரம் எங்க ஆரம்பிக்குதுன்னு அங்கதான் தெளிவா தெரியும். ஏற்கனவே சாயமோ எண்ணெயோ பூசியிருந்தா, ஒரு ஓரத்தை இழைச்சுக் காட்டச் சொல்லுங்க. முடியாதுன்னா வேற கடை. ஈரத்துக்கு மீட்டர் ஆன்லைன்லயே கிடைக்குது. 12 சதவீதம் பக்கம் காட்டினா நிம்மதி. 20-க்கு மேல காட்டற மரத்தில் கதவு செஞ்சா, அது காயக் காய சுருங்கி இடைவெளி விடும்.

கடைசியா அளவு. நீளம் அடியில், அகலமும் கனமும் அங்குலத்தில். மூணையும் பெருக்கி 144-ஆல் வகுத்தா கன அடி. 5க்கு 3 சைஸில், 7 அடி ரெண்டு, 3½ அடி ரெண்டுன்னு ஒரு நிலை எடுத்துப்போம். மொத்தம் 21 அடி, 2.19 கன அடி. கன அடி 4,000 ரூபாய்னா 8,750 ரூபாய். டேப் வச்சுப் பார்த்தா 4¾-க்கு 2¾ இருக்குன்னு வைங்க, உண்மையில் வர்றது 1.9 கன அடிதான். 1,130 ரூபாய் காத்துக்குப் போச்சு! அறுத்த அளவுக்கு பில்லா, இழைச்ச அளவுக்கு பில்லான்னு விலை பேசறதுக்கு முன்னாடியே கேட்டுடுங்க. டேப்பை நீங்களே பிடிங்க, பில்லில் ஒவ்வொரு துண்டோட அளவையும் எழுதச் சொல்லுங்க.