உயில் பெயரைக் காத்தது... மகளைக் காத்தது ஒரு பணிப்பெண்!

கணவர் பெயரை மனைவி சேர்த்துக்கொள்வதுதான் வழக்கம். ஆனால், தன் மகளைத் திருமணம் செய்பவர் தங்கள் குடும்பப் பெயரைத்தான் சூட்டிக்கொள்ள வேண்டும் என்று உயில் எழுதிவைத்தார் ஓர் அப்பா. அதுவும் 18-ம் நூற்றாண்டு இங்கிலாந்தில்!

அவர் ஜார்ஜ் போவ்ஸ். 1701-ல் பிறந்தவர். வடகிழக்கு இங்கிலாந்தின் டர்ஹாம் பகுதியில் பரந்த நிலங்களுக்குச் சொந்தக்காரர். நிலத்துக்கு அடியில் இருந்த நிலக்கரிதான் அவருடைய செல்வம். 1727-ல் டர்ஹாம் எம்.பி ஆனவர், 1760-ல் இறக்கும்வரை அந்தப் பதவியில் இருந்தார். தன் கிப்சைட் எஸ்டேட்டில், சுதந்திர தேவிக்கு சுமார் 140 அடி உயரத் தூண் எழுப்பினார்.

14 வயதில் மணமுடித்து வந்த முதல் மனைவி எலினோர், சில மாதங்களிலேயே இறந்துபோனார். பல ஆண்டுகள் கழித்து மேரி கில்பர்ட்டை மணந்தார் ஜார்ஜ். 1749-ல் பிறந்த ஒரே மகள், மேரி எலினோர். மகளை நன்றாகப் படிக்கவைத்தார். ஆண் வாரிசு இல்லாததால் குடும்பப் பெயர் அழிந்துவிடுமோ என்ற கவலையில் பிறந்ததுதான் அந்த உயில்.

பெயரை மாற்றிய பிரபு

அப்பா இறந்தபோது மேரிக்கு வயது 11. நாட்டின் பெரும் பணக்கார வாரிசுகளில் ஒருவர். 18-வது பிறந்தநாளில், ஸ்ட்ராத்மோர் பிரபு ஜான் லியோனை மணந்தார். நாடாளுமன்றத்தில் சட்டமே இயற்றி, அவர் போவ்ஸ் என்று பெயர் மாற்றிக்கொண்டார். ஐந்து குழந்தைகள் பிறந்தன. 1776-ல் அவர் இறந்தார்.

ஸ்ட்ரெச்சரில் வந்த மாப்பிள்ளை

அடுத்த ஆண்டு ஜனவரி. மேரியின் மானத்தைக் காக்கப் பத்திரிகை ஆசிரியர் ஒருவருடன் சண்டையிட்டு, உயிருக்குப் போராடுவதாகச் சொன்னார் ஆண்ட்ரூ ராபின்சன் ஸ்டோனி. கடைசி ஆசை, மேரியைக் கைப்பிடிப்பது! மேரி மனமிரங்கினார். ஸ்டோனியை லண்டன் தேவாலயத்துக்குத் தூக்கிவந்தார்கள். திருமணம் முடிந்ததும் அவர் விரைவிலேயே எழுந்து நடமாடினார். சண்டையே நாடகம் என்றுதான் வரலாற்று ஆசிரியர்கள் சொல்கிறார்கள்.

அன்றைய சட்டப்படி மனைவியின் சொத்து வருமானம் கணவருக்கே. ஆனால், திருமணத்துக்குச் சில நாள்கள் முன்பே மேரி தன் சொத்து வருமானத்தைப் பாதுகாத்து ஒரு பத்திரம் எழுதியிருந்தார். அதை ரத்துசெய்ய மிரட்டிக் கையெழுத்து வாங்கினார் ஸ்டோனி. அடி, உதை, பட்டினி என எட்டு ஆண்டுகள் சித்ரவதை.

உயில் கேட்டது பெயரை மட்டும்தானே? அதைத் தவறாமல் நிறைவேற்றி ‘போவ்ஸ்’ ஆனார் ஸ்டோனி. அந்தப் பெயருடனேயே 1780-ல் நியூகாசில் எம்.பி-யும் ஆனார்!

கைகொடுத்த பணிப்பெண்

1785-ல், பணிப்பெண் மேரி மோர்கனின் துணையோடு வீட்டிலிருந்து தப்பினார் மேரி. விவாகரத்து கேட்டு வழக்கும் தொடுத்தார். பணியாளர்கள் கண்டதைச் சாட்சி சொன்னார்கள். 1786 நவம்பரில், லண்டனின் ஆக்ஸ்ஃபோர்டு தெருவில் பட்டப்பகலில் மேரியைக் கடத்தினார் ஸ்டோனி. கடும் குளிரில், வழக்கைக் கைவிடச் சொல்லி மிரட்டியபடி வடக்கே இழுத்துச்சென்றார். மேரி பணியவில்லை. எட்டு நாள்களுக்குப் பின் மீட்கப்பட்டார்.

ஸ்டோனிக்குச் சிறைத்தண்டனை கிடைத்தது. மிரட்டி வாங்கிய கையெழுத்து செல்லாது என 1788-ல் தீர்ப்பு வந்தது. 1789-ல் விவாகரத்தும் உறுதியானது. 1800-ல் இறந்த மேரியின் உடல் வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் அடக்கம் செய்யப்பட்டது.

திருமணமான பெண்கள் சொந்தப் பெயரில் சொத்து வைத்துக்கொள்ள முழு உரிமை தரும் சட்டம் அங்கே 1882-ல்தான் வந்தது.

அப்பா ஆசைப்பட்ட பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. எலிசபெத் மகாராணியின் அம்மா, மேரியின் வம்சத்தில் வந்தவர். அவர் பிறந்தபோது வைத்த பெயர், எலிசபெத் போவ்ஸ் லியோன்!