திரைக்கு அப்பாலிருந்து ஒரு நோய்க்கணிப்பு

திருமயம் வட்டத்தை உள்ளடக்கிய புதுக்கோட்டை மாவட்டத்தின் கிராமங்களில், 2010ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட திட்டம் ஒன்றின்கீழ் ஒரு மருத்துவப் பேருந்து சுற்றிவந்தது. டாக்டர் சாரதா மேனன் 1984இல் சென்னையில் நிறுவிய ‘ஸ்கார்ஃப்’ என்னும் மனச்சிதைவு ஆய்வு நிறுவனம் அனுப்பிய அப்பேருந்தில் நோயாளியும் உறவினரும் திரைமுன் அமர, சென்னையிலிருந்த மனநல மருத்துவர் அவர்களுடன் பேசி நோயைக் கணித்தார். அவர் பரிந்துரைத்த மருந்து பேருந்திலேயே இலவசமாகக் கிடைத்தது.

நாடி பிடிக்காமலே இது இயன்றதற்குக் காரணம், மனச்சிதைவை உறுதிசெய்யும் இரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ இன்றளவும் இல்லை என்பதே. தைராய்டு கோளாறு, வலிப்பு, மூளைக்கட்டி, கஞ்சா போன்றவற்றாலும் இதே குறிகள் தோன்றக்கூடுமாதலால், அவற்றை விலக்குவதற்கே பரிசோதனைகள் தேவைப்படுகின்றன. எஞ்சியதெல்லாம் பொறுமையான விசாரணைதான். ஆளில்லாத இடத்தில் குரல் கேட்பதாகிய மாயப்புலனுணர்வும், பக்கத்து வீட்டார் சோற்றில் மருந்து வைத்துவிட்டதாக எவர் எடுத்துச் சொல்லியும் அசையாமல் நம்பும் பிறழ்நம்பிக்கையும், கோவையற்ற பேச்சும் மருத்துவர் முதலில் தேடுபவை. உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாடு, இத்தகைய குறிகள் ஒரு மாதமேனும் நீடித்திருக்க வேண்டும் என்கிறது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேடோ, நோயின் தொடர்ச்சி ஆறு மாதமேனும் இருக்க வேண்டும் என்கிறது. இரண்டு நாள் உளறலுக்காக ஒருவருக்கு இப்பெயரைச் சூட்டுவதை இவ்வரையறைகள் தடுக்கின்றன.

ஊர்வழக்கை அறியாத விசாரணை வழிதவறவும் கூடும். திருவிழாவில் சாமி வந்து ஆடுபவர், ஊரார் அனைவரும் ஏற்கும் நம்பிக்கைக்குள் நின்று ஆடி, ஆட்டம் முடிந்ததும் வழக்கமான வேலைக்குத் திரும்பிவிடுவாராதலால், அதனை மட்டும் கொண்டு அவரை நோயாளி எனக் கருத இடமில்லை. ஊராரும் ஏற்காத நம்பிக்கையோடு உறக்கமும் உழைப்பும் கெட்டு ஒருவர் தனித்துப்போகும்போதுதான் ஐயம் வலுக்கிறது.

குரல் கேட்பதைவிட எளிதில் தவறவிடப்படுவது, எதிர்மறை அறிகுறிகள் எனப்படும் குறைபாடுகளே. பெரும்பாலும் பதின்பருவ இறுதியிலோ இருபதுகளிலோ தொடங்கும் இந்நோயில், பேச்சு சுருங்குவதும், குளிக்காமல் இருப்பதும், முகத்தில் உணர்ச்சி வற்றுவதும் வெளிப்படையான குறிகளுக்கு முன்னரே தலைகாட்டுவதுண்டு. வீட்டார் அவற்றைச் சோம்பேறித்தனம் என்றோ திமிர் என்றோ ஏசிவிடுவர். எனவேதான், பிள்ளை எப்போது கூட்டாளிகளைத் தவிர்க்கத் தொடங்கினான், எப்போது வேலைக்குப் போவதை நிறுத்தினான் என்னும் கேள்விகள் தாயிடம் கேட்கப்படுகின்றன. நோயின் தொடக்கத்தைக் கண்ட சாட்சி பெரும்பாலும் அவர் ஒருவரே.

குறிகள் முற்றியபின் ‘செய்வினை’, ‘காத்துக்கருப்பு’ எனக் கருதி வழிபாட்டிடங்களுக்கு அழைத்துச் செல்வது இன்றும் உண்டு. அவ்வாறு நோயாளிகள் அழைத்துச் செல்லப்படும் தர்கா அமைந்த ஏர்வாடியில், மனநோயாளர் காப்பகம் ஒன்றில் 2001 ஆகஸ்ட் 6 அன்று நேர்ந்த தீவிபத்தில் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்கள் உள்ளிட்ட 28 பேர் மாண்டனர். மனநோயாளரைச் சங்கிலியிடுவதை 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் தடைசெய்துள்ளது. ஐயமுற்ற குடும்பத்தினர் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவையோ, 14416 என்னும் ‘டெலி மனாஸ்’ இலவசத் தொலைபேசி எண்ணையோ நாடலாம்.