எரிஞ்சுபோன அரண்மனைக்கு ஒரு பேக்கப்

ஜாக்கி சானோட 'சைனீஸ் ஜோடியாக்' படம் பார்த்திருக்கீங்களா? 2012-ல வந்தது. வெண்கலத்தில் செஞ்ச ராசி விலங்குகளின் தலைகளைத் தேடி அலைவார். அந்தத் தலைகள் கற்பனை இல்ல. பீஜிங்கில் இருந்த யுவான்மிங்யுவான் அரண்மனையோட நீரூற்றில் நிஜமாவே இருந்தவை.

படம் பார்த்துட்டு அந்த அரண்மனையைத் தேடினேன். போட்டோ எல்லாத்துலயும் உடைஞ்ச கல் தூண்கள், ஐரோப்பிய வளைவுகள். 'சீன அரசர் வெர்சாய் மாதிரி ஒரு அரண்மனை கட்டியிருக்கார் போல'ன்னு முடிவு பண்ணிட்டேன். ரொம்ப வருஷம் அப்படித்தான் நம்பிக்கிட்டு இருந்தேன். சுத்தத் தப்பு.

யுவான்மிங்யுவான் சுமார் 350 ஹெக்டேர். ஏரிகள், தீவுகள், மண்மேடுகள், நடுவில் நூற்றுக்கணக்கான மரக் கட்டடங்கள். 1860 அக்டோபரில், இரண்டாம் அபினிப் போரின் கடைசியில், பிரிட்டிஷ், பிரெஞ்சுப் படைகள் அதைக் கொள்ளையடித்தன. பேச்சுவார்த்தைக்குப் போன குழுவைச் சீனத் தரப்பு பிடிச்சு வச்சு, அதில் பலர் செத்துப்போனாங்க. அதற்குத் தண்டனைன்னு சொல்லி, அக்டோபர் 18 அன்று எல்ஜின் பிரபு அரண்மனையைக் கொளுத்தச் சொன்னார். நம்ம ஊர் மெட்ராஸ் சாப்பர்ஸ் படைப்பிரிவும் அந்தப் போரில் இருந்தது.

மரம் எரிஞ்சது, கல் நின்னுது. அந்தக் கல் பகுதி, இத்தாலிய ஓவியர் காஸ்டிக்லியோனே வடிவமைச்ச ஒரு சின்ன மூலை மட்டும்தான். மிஞ்சினதை வச்சு மொத்தத்தையும் கணிச்சதுதான் நான் பண்ணின தப்பு. க்ராஷ் ஆகாத சர்வரோட லாக்கை மட்டும் படிச்சுட்டு 'சிஸ்டம் நல்லா இருக்கு'ன்னு சொல்ற மாதிரி.

அப்போ மரத்தில் இருந்த அரண்மனை எப்படி இருந்துச்சு? அதுக்குப் பெரிய சாட்சி, 1744-ல் சியான்லுங் பேரரசருக்காக அரசவை ஓவியர்கள் டாங் தாய், ஷென் யுவான் பட்டில் வரைஞ்சு முடிச்ச நாற்பது காட்சிகள். ஒவ்வொண்ணுக்கும் பேரரசரோட கவிதை ஒண்ணு. ஒரு காட்சியில் ஏரி நடுவே ஸ்வஸ்திக வடிவத்தில் 33 அறை கொண்ட வீடு. இன்னொன்றில் 'வயல்' என்ற சீன எழுத்தோட வடிவத்திலேயே ஒரு கட்டடம்.

1860 கொள்ளையில் அந்தத் தொகுப்பும் போச்சு. இன்னைக்கு இருப்பது பாரிஸில், பிரான்ஸ் தேசிய நூலகத்தில். அதாவது, சர்வரைக் கொள்ளையடிச்சவங்க வீட்டிலேயே பேக்கப்பும் இருக்கு! அதனால சீனாவில் மக்கள் பார்ப்பது பெரும்பாலும் நகல்களைத்தான்.

நகல்னா பிரிண்ட் மட்டும் இல்ல, கையால் வரைவதும் உண்டு. சீன மரபில் அதுக்கு ரெண்டு வழி. மூலத்தைப் பக்கத்தில் வச்சுப் பார்த்து வரைந்தால் 'லின்'. மெல்லிய தாளை மேலே போட்டுக் கோட்டை எடுத்தால் 'மோ'. பட்டில் நிறம் ஊறிப் பரவாம இருக்க முதலில் பசையும் படிகாரமும் பூசணும். நீலம், பச்சை எல்லாம் கல்லை அரைச்சு எடுத்த நிறங்கள். கூரை, தூண், கைப்பிடிக்கு ஸ்கேல் வச்சுக் கோடு இழுக்கும் 'ஜியேஹுவா' முறை.

ஸ்கேன் இருக்கும்போது இந்தப் பாடு எதுக்கு? இந்தக் கேள்விக்கு எனக்குப் பதில் சொன்னது என் தங்கச்சி. அபார்ட்மென்ட் கட்ட எங்க தாத்தா வீட்டை இடிச்சாங்க. மிஞ்சினது ஒரே ஒரு மங்கலான போட்டோ. அதைப் பார்த்து அவள் வரைய ஆரம்பிச்சா. திண்ணையில் எத்தனை தூண்? ஜன்னல் எந்தப் பக்கம் திறக்கும்? ஒவ்வொரு கோட்டுக்கும் அம்மாவிடம் கேட்கணும். அம்மாவும், "அங்க ஒரு மாடம் இருந்துச்சுடி, விளக்கு வைப்போம்"னு சொல்ல ஆரம்பிச்சாங்க. அந்த போட்டோ பல வருஷமா என் போனில் இருக்கு. நான் அந்த மாடத்தைப் பத்தி ஒரு தடவைகூடக் கேட்டதில்ல.

பிரிண்ட் எடுக்கும்போது எதையும் கவனிக்க வேண்டியதில்ல. கையால் வரைபவர் கவனிச்சே ஆகணும்.

ஆனா ஒண்ணு, நகல் எவ்வளவு நல்லா இருந்தாலும் அது 1744-ன் ஸ்னாப்ஷாட். நான் ஏமாந்த அந்தக் கல் மாளிகைகள் கட்ட ஆரம்பிச்சதே 1747-லதான். அதனால நாற்பது காட்சிகளில் அவை கிடையாது. இன்னைக்கு இடிபாட்டில் நிக்கறது ஓவியத்தில் இல்ல, ஓவியத்தில் இருக்கறது தரையில் இல்ல. ரெண்டையும் பக்கத்தில் வச்சுப் பார்த்தால்தான் அரண்மனை கொஞ்சமாவது பிடிபடும்.

உங்க வீட்டிலும் இடிஞ்சுபோன ஒரு வீடு இருக்கும். போட்டோவைக் கிளவுடில் ஏத்திட்டோம்னு விட்டுடாதீங்க. ஒரு பேப்பர், பென்சில் எடுத்துட்டுப் போய் அம்மா பக்கத்தில் உட்காருங்க. அடுத்த எபிசோடில் பார்ப்போம்.