டப்பாவில் எழுதிய 25 கிராம்

புரதப் பொடி டப்பாவைத் திருப்பிப் பார்த்தால், ‘ஒரு ஸ்கூப்பில் 25 கிராம் புரதம்’ என்று அச்சிட்டிருக்கும். இந்த எண் எங்கிருந்து வருகிறது? ஆய்வகத்தில் வழக்கமாக அளக்கப்படுவது புரதம் அல்ல, நைட்ரஜன்.

கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பர்க் பீர் ஆலையின் ஆய்வகத்தில் பணியாற்றிய யோகான் கெல்டால், தானியத்தில் புரதம் எவ்வளவு என்று அறிய 1883-ல் ஒரு முறையை வெளியிட்டார். மாதிரியை அடர் கந்தக அமிலத்தில் கொதிக்க வைத்தால், அதிலிருக்கும் நைட்ரஜன் அம்மோனியம் உப்பாக மாறிவிடும். பிறகு காரம் சேர்த்து, அம்மோனியாவாக வடித்து அளக்கலாம். புரதத்தில் சுமார் 16 சதவீதம் நைட்ரஜன் உண்டு. எனவே கிடைத்த எண்ணை 6.25-ஆல் பெருக்கினால் புரதத்தின் அளவு தெரிந்துவிடும். எளிய, நம்பகமான முறை. இன்றும் உலகெங்கும் புழக்கத்தில் இருக்கிறது.

ஆனால் அந்த நைட்ரஜன் எதிலிருந்து வந்தது என்பதை இந்த முறையால் சொல்ல முடியாது. 2008-ல் சீனாவில் நடந்த கொடுமைக்கு இந்த ஓட்டைதான் வழிவிட்டது. தண்ணீர் கலந்த பாலில் மெலமின் என்ற பிளாஸ்டிக் மூலப்பொருளைச் சேர்த்தார்கள். அதன் எடையில் மூன்றில் இரண்டு பங்கு நைட்ரஜன். 1 கிராம் மெலமின், சோதனையில் 4 கிராமுக்கும் மேல் புரதமாகக் கணக்குக் காட்டும். அந்தப் பாலில் தயாரான பால்மாவைக் குடித்த சுமார் 3 லட்சம் குழந்தைகள் நோயுற்றார்கள். சிறுநீரகம் பழுதாகி 6 குழந்தைகள் இறந்துபோனார்கள்.

புரதப் பொடியில் இதே ஓட்டையைப் பயன்படுத்த மெலமின்கூடத் தேவையில்லை. நைட்ரஜன் உள்ள கிளைசின், டாரின் போன்ற மலிவான அமினோ அமிலங்கள் போதும். அவை நஞ்சல்ல, ஆனால் அவற்றை மட்டும் வைத்து உடல் தசையைக் கட்ட முடியாது. தசைக்கு உணவிலிருந்தே வந்தாக வேண்டிய 9 அமினோ அமிலங்களும் தேவை. இந்தியாவில் விற்கும் 36 புரதப் பொடிகளை கேரளத்தின் கல்லீரல் மருத்துவர் சிரியாக் ஆபி பிலிப்ஸ் குழுவினர் பரிசோதித்து, 2024-ல் ‘மெடிசின்’ இதழில் முடிவை வெளியிட்டார்கள். சுமார் 70 சதவீதப் பொடிகளில், டப்பாவில் எழுதியிருந்த புரத அளவும் உள்ளே இருந்ததும் பொருந்தவில்லை. 14 சதவீதத்தில் கல்லீரலைக் கெடுக்கும் பூஞ்சை நஞ்சான அஃப்ளடாக்சினும், 8 சதவீதத்தில் பூச்சிக்கொல்லி எச்சமும் இருந்தன.

வாங்கத்தான் வேண்டும் என்றால், முன்பக்கப் படத்தை விட்டுவிட்டுப் பின்பக்கத்தைப் படியுங்கள். முதலில் ஸ்கூப்பின் எடை. 33 கிராம் பொடியில் 25 கிராம் புரதம் என்றால் சரி. 60 கிராமில் 25 என்றால் மீதியெல்லாம் பெரும்பாலும் மாவும் சர்க்கரையும்தான். அடுத்து அமினோ அமிலப் பட்டியல். வே புரதம் என்பது சீஸ் தயாரிக்கும்போது பிரியும் தெளிநீரிலிருந்து எடுப்பது. அதில் 25 கிராமுக்கு லூசின் சுமார் 2.5 கிராம் இருக்க வேண்டும். தசை வளர்ச்சியைத் தூண்டுவதில் லூசினுக்கே முதலிடம். சேர்மானப் பட்டியலில் கிளைசின், டாரின் என்று தனியாகப் போட்டிருந்தால் அந்த டப்பா வேண்டாம். பால் ஒத்துக்கொள்ளாதவர்கள் லாக்டோஸ் மிகக் குறைந்த ‘ஐசோலேட்’ வகையையோ பட்டாணி, சோயா பொடியையோ பார்க்கலாம்.

ஆனால் பலருக்குப் பொடியே தேவைப்படாது. தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் கணக்குப்படி, ஆரோக்கியமான பெரியவருக்கு ஒரு கிலோ உடல் எடைக்குத் தினமும் 0.83 கிராம் புரதம் போதும். 60 கிலோ எடையுள்ளவருக்கு 50 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம், ஒரு டம்ளர் பாலில் 6, ஒரு கைப்பிடி வேர்க்கடலையில் 7. வெறும் 50 கிராம் மீல்மேக்கரில் 25 கிராம், அதாவது ஒரு முழு ஸ்கூப். தசை கட்டுவதற்காகப் பொடியை நாட வேண்டாம் என்றே அந்த நிறுவனம் 2024-ல் வெளியிட்ட உணவு வழிகாட்டியும் சொல்கிறது. நம் சாப்பாட்டில் குறை எங்கே என்றால், தட்டு நிறையச் சோறும் அதன்மேல் ஓடும் தண்ணீர்ச் சாம்பாரும்தான். அரிசியில் குறைவாக உள்ள லைசின் என்ற அமினோ அமிலத்தைப் பருப்புதான் ஈடுகட்டும். அந்தப் பருப்பு சாம்பாரில் தேடும்படி இருக்கக்கூடாது.

புரதத்தை நாம் மறந்தே போகும் இடம், வீட்டிலுள்ள முதியவர்களின் தட்டு. வயதாக ஆகத் தசை கரைகிறது. மாடிப்படி ஏறுவதும் தரையிலிருந்து எழுவதும் சிரமமாகிறது. 65 வயதைத் தாண்டியவர்களுக்குக் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை தேவை என்கிறார்கள் முதியோர் நல வல்லுநர்கள். ஆனால் இரவில் கிடைப்பதோ கஞ்சியும் இரண்டு இட்லியும். முட்டை, தயிர், சுண்டல் எதுவும் இறங்காதபோது, அவர்களுக்கு ஒரு ஸ்கூப் பொடி உண்மையிலேயே உதவும். ஜிம்முக்குப் போகும் பேரனுக்கு உதவுவதைவிட அதிகமாகவே உதவும்.

ஒரு நிபந்தனை. நீண்ட நாள் சர்க்கரை நோயோ ரத்த அழுத்தமோ உள்ளவர்களுக்குச் சிறுநீரகம் சத்தமில்லாமல் பழுதாகியிருக்கலாம். அந்நிலையில் புரதத்தைக் கூட்டுவது கேடு. டப்பா வாங்குவதற்கு முன் ரத்தத்தில் கிரியாட்டினினும் சிறுநீரில் ஆல்புமினும் பார்த்து, மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.