நின்றுபிடிக்கும் வண்டி எது?

பழைய மோட்டார் வண்டியொன்றை விலைக்கு வாங்கச் செல்பவர் முதலில் எதைப் பார்க்கிறார்? கதவையோ சில்லையோ பார்க்குமுன், ஓட்டுநர் இருக்கைக்கு முன்னாலுள்ள தூரமானியை எட்டிப் பார்க்கிறார். இத்தனை ஆயிரம் கிலோமீற்றர் ஓடியிருக்கிறது, ஆகவே இவ்வளவு தேய்ந்திருக்கும் என்று மனத்துள் கணக்கிட்டுக்கொள்கிறார். வீட்டுத் தேவைக்கு ஓடும் வண்டிக்கு இந்தக் கணக்குப் பெரும்பாலும் பொருந்தும். ஆனால், பொலிஸாரின் ரோந்து வண்டியைப் பொறுத்தவரை இதைப்போல் ஏமாற்றும் கணக்கு வேறொன்றில்லை. அவ்வண்டி ஓடித் தேய்வதிலும் பார்க்க நின்று தேய்வதே அதிகம்.

திருகோணமலைத் துறைமுகப் பகுதியை எண்ணிப் பாருங்கள், நேயர்களே. வடக்கே புல்மோட்டையிலிருந்து தெற்கே வெருகல் ஆறுவரை நீண்டு கிடக்கும் மாவட்டம் அது. பரப்பு 2,727 சதுரக் கிலோமீற்றர். ஒருபுறம் கடல், நடுவிலே கொட்டியாரக் குடாவும் அதனையொட்டிய களப்புகளும், மேற்கே கந்தளாய், ஹபரணைப் பக்கமாகக் காடு. துறைமுக வாயிலிலே பாரவண்டிகள் வரிசை பிடித்து நிற்கும். கோணேசர் கோயிலிலே திருவிழா வந்தால் பிரட்றிக் கோட்டை வாசலிலே சனத்திரள் அலைமோதும். இவ்விடங்களிலெல்லாம் ரோந்து வண்டி என்ன செய்கிறது? பாதையோரத்திலே நிற்கிறது. நிற்கிறதேயன்றி உறங்கவில்லை. கம்பியில்லாச் செய்திக் கருவி பேசிக்கொண்டிருக்க வேண்டும். கூரையிலுள்ள விளக்குச் சுழல வேண்டும். அழைப்பு வந்த கணமே வண்டி புறப்பட வேண்டும். ஆதலால், யந்திரம் நிறுத்தப்படாமலே மணிக்கணக்காக இயங்கிக்கொண்டிருக்கும்.

இதனால் விளையும் தேய்வு எவ்வளவு? பொலிஸ் வண்டிகளை நெடுங்காலம் உற்பத்தி செய்துவந்த அமெரிக்கப் போர்ட் கொம்பனியார் ஓர் அளவை வகுத்துள்ளனர். யந்திரம் ஒரு மணிநேரம் நின்றபடி இயங்குவது, ஏறக்குறைய 33 மைல், அதாவது 53 கிலோமீற்றர் ஓடியதற்குச் சமம் என்பதே அவ்வளவு. நாளொன்றுக்கு நான்கு மணிநேரம் இவ்வாறு நிற்கும் வண்டியொன்றை எடுத்துக்கொள்வோம். அன்றாடம் 212 கிலோமீற்றர் தூரமானிக்குத் தெரியாமலே கழிகிறது. ஆண்டில் முந்நூறு நாள் இப்படி நின்றால் 63,600 கிலோமீற்றர்! தூரமானி 20,000 என்று காட்டும் வண்டி உண்மையிலே 80,000 கடந்த கிழவனாய் இருத்தல் கூடும். அதன் காரணமாகவே, பொலிஸ் பணிக்கென அமைக்கப்படும் அமெரிக்க வண்டிகளிலே தூரமானியோடு மணிமானியும் பொருத்தப்படுகிறது. யந்திரம் மொத்தம் எத்தனை மணிநேரம் இயங்கியது, அதில் எத்தனை மணிநேரம் சும்மா நின்றது என்பதை அது காட்டிவிடும்.

நிற்கும் வண்டிக்கு ஏன் இத்தனை துன்பம்? ஓடும்போது எதிர்க்காற்று ரேடியேற்றரைத் தழுவி யந்திரத்தைக் குளிர்விக்கிறது. நிற்கும்போது அக்காற்று இல்லை. விசிறி ஒன்றே துணை. மே முதல் ஓகஸ்ட் வரை கிழக்குக் கரையிலே கச்சான் காற்று அனல்போல் வீசும் நாளிலே, வெப்பம் நிழலிலேயே 35 பாகை செல்சியஸை எட்டுவதுண்டு. அப்பொழுது அந்த விசிறியின் பாடு எப்படியிருக்கும் என்று சொல்லவேண்டியதில்லை. மேலும், யந்திரம் மெதுவாய்ச் சுழலும்போது மின்பிறப்பாக்கி தரும் மின்சாரம் குறைவு. விளக்கும் கருவியும் குளிரூட்டியும் உண்ணும் மின்சாரமோ குறைவதில்லை. எனவே பற்றரி விரைவில் நலிகிறது. எரிபொருளும் முற்றாக எரியாமல் ஒரு பகுதி எண்ணெயோடு கலந்து அதன் வழுவழுப்பைக் கெடுக்கிறது. இக்கால டீசல் வண்டிகளிலே புகைக்கரியைப் பிடித்து வைக்கும் வடிகட்டி ஒன்று உண்டு. வேகமாக ஓடினால்தான் அது சூடேறித் தன் கரியைத் தானே எரித்துக்கொள்ளும். நின்றே பொழுதைக் கழிக்கும் வண்டியிலே அடைத்துப் போகும்.

இது வெப்பத்தின் கதை. துறைமுகத்திலே இதனிலும் கொடிய பகை ஒன்றுண்டு, அதுதான் உப்பு. கடல்நீரில் நூற்றுக்கு ஏறக்குறைய 3.5 பங்கு உப்பு. வாடைக்காற்று அலைகளை உடைத்து நுண்திவலைகளாக்கிக் கரைமேல் வீசுகிறது. வண்டியின் அடியிலே படிந்த உப்பு, வெயிலில் உலர்ந்தாலும் இரவிலே காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி மறுபடியும் நனைந்துவிடும். நிலாவெளி, குச்சவெளிக் கரையோரத்திலே ஓடும் வண்டிக்கு மழை பெய்யாத நாளிலும் அடிப்பாகம் ஈரந்தான். கறள் பிடிப்பதற்கு வேறென்ன வேண்டும்?

கறளைப் பற்றிப் பேசும்போது லாண்ட் ரோவர் வண்டியை நினையாதிருக்க முடியாது. 1948 ஆம் ஆண்டு அம்ஸ்ரர்டாம் கண்காட்சியிலே அது முதன்முதல் உலகுக்குக் காட்டப்பட்டது. போருக்குப் பின் பிரித்தானியாவிலே உருக்குத் தட்டுப்பாடு நிலவியமையால், அதன் உடற்தகடுகளை அலுமினியக் கலவையால் அமைத்தனர். வேறு வழியின்றிச் செய்த அவ்வேற்பாடே அதற்குப் புகழ் தேடித் தந்தது; அலுமினியம் உருக்கைப்போல் கறள் பிடிப்பதில்லையன்றோ! இலங்கை உட்படப் பல நாடுகளின் பொலிஸார் அதனை விரும்பி ஏற்றனர். ஆயினும், கடற்கரை அதன் குறையையும் காட்டிக்கொடுத்தது. மேலே அலுமினியம், கீழே சேஸிஸ் எனப்படும் சட்டகமோ உருக்கு. உப்புநீர் இடையிலிருக்க இரு வேறு உலோகங்கள் தொட்டுக்கொண்டிருந்தால், அவ்விடம் ஒரு சிறு பற்றரியாகி ஓர் உலோகம் அரிபடத் தொடங்கும். சட்டகம் குழாய்போல் உட்குழிந்தது. உட்புகுந்த மணலும் உப்பும் வெளியே வருவதில்லை. வெளித்தோற்றத்திலே புதிதுபோல் மின்னும் வண்டி உள்ளே செல்லரித்த பனைமரம் போல் ஆகிவிடுவதுண்டு. 2016 ஆம் ஆண்டு அந்தப் பழைய வடிவின் உற்பத்தி நின்றது. நன்கு கழுவிப் பேணியவரிடத்திலே அவ்வண்டிகள் இன்றும் ஓடுகின்றன. பேணாதவரிடத்திலே சட்டகம் முறிந்து கிடக்கின்றன.

இனி வேறு நாடுகளின் அனுபவத்தைச் சிறிது நோக்குவோம். போருக்குப் பிந்திய லண்டனிலே கரிய நிறத்து வூல்ஸ்லி வண்டிகள் மணியடித்துக்கொண்டு விரைந்தன. நல்ல வீதியிலே வேகமும் உறுதியும் உடையவை, காட்டுவழிக்கோ ஏற்றவையல்ல. 1960களின் நடுப்பகுதியிலே லங்காஷயர் பொலிஸார் போர்ட் அங்லியா என்ற சிறு காரைக் குடியிருப்புப் பகுதிகளின் ரோந்துக்கு அமர்த்தினர். விலை குறைவு, எரிபொருட் செலவு குறைவு. நகரத் தெருவுக்கு அது போதும் என்பது தெளிவாயிற்று. அமெரிக்காவிலே போர்ட் கிரவுண் விக்டோரியா என்ற பெருங்கார் 2011 வரை பொலிஸாரின் முதற்றெரிவாய் விளங்கியது. கார்கள் பெரும்பாலும் உடலும் சட்டகமும் ஒன்றாய் அமைந்தவை. ஓரிடத்திலே பலமாக இடிபட்டால் உடலின் அமைப்பே வளைந்துவிடக்கூடும். கிரவுண் விக்டோரியாவோ லொறியைப்போல் தனிச் சட்டகத்தின்மேல் உடல் ஏற்றப்பட்டது. இடிபட்ட பாகத்தைக் கழற்றி வேறொன்று பூட்டி மறுநாளே வீதிக்கு அனுப்பலாம். அதனைவிட வேகமான கார்கள் பல இருந்தன. அதனைப்போல் விரைவிலும் மலிவிலும் திருத்தக்கூடியவை சிலவே.

நமது பிரதேசத்துக்கு வருவோம். 1941 இல் போர்க்களத்திற் பிறந்த வில்லிஸ் ஜீப்பை, 1947 முதல் இந்தியாவிலே மகிந்திரா நிறுவனத்தார் பொருத்தி விற்கலாயினர். அந்த வழிவந்த வண்டிகளும், பின்னர் வந்த பொலேரோவும் இந்தியப் பொலிஸ் நிலையங்களிலே நீண்டகாலமாய்ப் பணிபுரிகின்றன. பொலேரோவின் பின்புறத்து இலைவில் பயணிக்கு முதுகுவலி தரலாம்; ஆனால், குழி விழுந்த வழியிலே அது எளிதில் முறிவதில்லை; முறிந்தாலும் கிராமத்துப் பட்டறையிலே மாற்றிவிடலாம். 2022 டிசம்பரிலே, இந்தியக் கடனுதவியின் கீழ் இலங்கைப் பொலிஸாருக்கு வழங்கவிருந்த 500 வண்டிகளுள் முதற்கட்டமாக 125 ஸ்கார்ப்பியோ வண்டிகள் கையளிக்கப்பட்டன. இவையும் தனிச் சட்டகம் உடைய டீசல் வண்டிகளே.

அவை வந்த காலத்தையும் நினைவிற் கொள்ளவேண்டும். 2020 மார்ச்சிலே நாட்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியிலேதான் வழி திறந்தது. இடையில், 2022 இல், ரூபாவின் மதிப்பு ஏறக்குறைய பாதியாய்ச் சரிந்தது. இறக்குமதியாகும் ஒவ்வோர் உதிரிப்பாகமும் அந்தச் சரிவின் சுமையைத் தாங்கியே வந்தது. பெரிய யந்திரக் கோளாறு ஒன்றுமின்றி, ஒரு சிறு உணர்கருவி கிடைக்காமையால் ஒரு நல்ல வண்டி கல்லின்மேல் ஏற்றப்பட்டு நிற்க நேர்வது அத்தகைய காலத்திலே அரிதன்று. ஆகையால், வண்டியின் பெயரைக் கேட்குமுன், அதன் பாகம் எந்த ஊர்க் கடையிலே கிடைக்கும் என்று கேட்பதே அறிவுடைமை.

இன்னொரு மாற்றத்தையும் சொல்லவேண்டும். முன்னாளிலே திருகோணமலையிலிருந்து கிண்ணியாவுக்குச் செல்ல, ‘பாதை’ என மக்கள் அழைக்கும் மிதவையிலே வண்டியை ஏற்றிக் களப்பைக் கடக்கவேண்டும். 2009 ஒக்டோபரிலே 396 மீற்றர் நீளமுள்ள கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டது; தெற்கே உள்ள ஏனைய துறைகளிலும் பாலங்கள் எழுந்தன. மூதூருக்கும் அதற்கப்பாலும் தரைவழி தடையின்றித் திறந்தது. வீதி நன்றானதும் வேகம் கூடிற்று; வேகம் கூடியதும் பிரேக்கின் பொறுப்புப் பெருகிற்று. மணிக்கு 40 கிலோமீற்றரில் செல்லும் வண்டியை நிறுத்த வேண்டிய ஆற்றலைப்போல், 80 கிலோமீற்றரில் செல்லும் வண்டியை நிறுத்த இருமடங்கன்று, நான்குமடங்கு ஆற்றல் வேண்டும். கந்தளாய் வழியிலே இரவில் மாடு படுத்திருக்கும். ஹபரணைப் பக்கத்திலே யானை குறுக்கிடும். பிரேக் எண்ணெயோ காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. சாதாரண வகை எண்ணெய் புதிதாயிருக்கையில் 205 பாகை வரை கொதிக்காது தாங்கும். ஈரமேறிய பின் 140 பாகையிலேயே கொதித்துக் குமிழி விடலாம். அப்பொழுது மிதி தாழும், வண்டி நில்லாது. களப்பும் கடலும் சூழ்ந்த ஊரிலே அந்த எண்ணெயைக் காலந்தவறாது மாற்றுவது சிக்கனத்துக்கு உரிய விடயமன்று. கான்ஸ்டபிளின் உயிருக்கும், வீதியிலே நடப்போரின் உயிருக்கும் உரிய விடயம்.

அப்படியானால் எந்த வண்டி சிறந்தது? ஒரே விடை இல்லை. நகரத்தின் ஒடுங்கிய தெருக்களுக்குச் சிறு காரும் மோட்டார் சைக்கிளும் போதும். சேருவில, ஈச்சிலம்பற்று போன்ற தூரக் கிராமங்களுக்குத் தனிச் சட்டகமுள்ள உயரமான ஜீப்போ கெப் வண்டியோ வேண்டும். துறைமுக வாயிலிலே நெடுநேரம் நிற்பதற்கு, பற்றரியும் யந்திரமும் சேர்ந்து இயங்கும் கலப்பு வண்டி நன்று. யந்திரம் ஓய்ந்திருக்கவே பற்றரி விளக்கையும் கருவியையும் நடத்தும். 2020 ஆம் ஆண்டு வகை முதல் அமெரிக்காவிலே போர்ட் நிறுவனத்தார் இத்தகைய பொலிஸ் வண்டியை விற்றுவருகின்றனர். ஆனால், வெள்ளத்திலும் உப்புநீரிலும் இறங்கவேண்டிய வண்டிக்கு, மின்னிணைப்புகள் மிகுதல் தொல்லையாய் முடியலாம்.

எவ்வண்டியாயினும், அதனை நின்றுபிடிக்கச் செய்யும் மருந்து நான்கே. கடமை முடிந்ததும் அடிப்பாகத்தை நன்னீரால் கழுவுதல் ஒன்று. கிலோமீற்றரைப் பார்க்காமல் மணிநேரத்தைக் கணக்கிட்டு எண்ணெய் மாற்றுதல் இரண்டு. உதிரிப்பாகத்தை முன்கூட்டியே வாங்கி வைத்தல் மூன்று. ஒரே நிலையத்திலே பலவகை வண்டிகளைச் சேர்க்காமல், இயன்றவரை ஒரே வகையை வைத்திருத்தல் நான்கு. ஒரு வண்டியைத் திருத்தக் கற்ற கை, மற்றதையும் திருத்தும்.

இவை பொலிஸாரும் பொறியியலாளரும் மட்டும் அறிந்தாற் போதாதா, நமக்கு எதற்கு என்று நேயர் சிலர் எண்ணலாம். நள்ளிரவிலே கடலோரக் கிராமம் ஒன்றில் திருடன் புகுந்த வீட்டிலிருந்து ஒரு தாய் 119 என்ற இலக்கத்தை அழைக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். மறுமுனையிலே குரல் கேட்கிறது, ஆறுதல் கிடைக்கிறது. ஆனால், அக்குரலின் பின்னே ஒரு வண்டி உயிரோடு புறப்படவேண்டும். அந்த வண்டி அந்த இரவிலே புறப்படுமா என்பது, முந்திய மாதம் அதன் அடியைக் கழுவிய வாளித் தண்ணீரிலும், மாற்றிய எண்ணெயிலும் தங்கியிருக்கிறது. அடுத்தமுறை வீதியோரத்திலே விளக்குச் சுழல நிற்கும் ரோந்து வண்டியைக் காணும்போது, அது சும்மா நிற்கிறது என்று எண்ணாதீர்கள். உங்களுக்காக அது நின்றபடியே தேய்ந்துகொண்டிருக்கிறது.