பெட்டி எந்த ஊரில் கைக்கு வரும்?

மகளின் பிரசவத்துக்காகவும் பேரனைப் பார்க்கவும் ராஜபாளையத்திலிருந்தும் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்தும் அமெரிக்கா கிளம்பும் பெற்றோர் பலருக்கு அதுதான் முதல் விமானப் பயணம். சென்னையில் பெட்டியைப் போடும்போது, "டல்லாஸ் வரைக்கும் டேக் போட்டாச்சும்மா" என்பார்கள். இனி டல்லாஸில் எடுத்துக்கொண்டால் போதும் என்று நிம்மதியாக ஏறிவிடுகிறார்கள். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

சிங்கப்பூரிலோ துபாயிலோ விமானம் மாறும்போது, எல்லாம் ஒரே டிக்கெட்டாக இருந்தால் பெட்டியைத் தொட வேண்டியதில்லை, இமிகிரேஷனும் கிடையாது. அமெரிக்கா அப்படியில்லை. அந்த நாட்டில் முதலில் இறங்கும் ஊரிலேயே இமிகிரேஷன், கஸ்டம்ஸ் இரண்டும் முடிந்தாக வேண்டும். சான் பிரான்சிஸ்கோவில் இறங்கி டல்லாஸ் போகிறவர் அங்கேயே வரிசையில் நின்று, கைரேகை வைத்து, எதற்கு வந்தீர்கள், எத்தனை நாள் தங்குவீர்கள் என்ற கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். பிறகு பெல்ட்டிலிருந்து பெட்டியை எடுத்து, கஸ்டம்ஸைத் தாண்டி, மறுபடி ஒப்படைத்துவிட்டு, இன்னொரு முறை செக்யூரிட்டிக்குப் போக வேண்டும். இதற்கு மூன்று மணி நேர இடைவெளியாவது வேண்டும் என்பேன். ஆனால் அபுதாபி வழியாகப் போனால், 2014 முதல் அங்கேயே அமெரிக்க அதிகாரிகள் உட்கார்ந்து, விமானம் ஏறும் முன்பே இந்தச் சோதனைகளை முடித்து அனுப்புகிறார்கள்.

அடுத்தது பால்கோவா. 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா இல்லாமல் இந்தப் பக்கத்தில் யாரும் பெட்டி கட்டுவதில்லை. ஆனால் ஆஸ்திரேலியா, பிரிட்டன், ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்கு நம் பால் இனிப்புகளைக் கொண்டுபோக முடியாது. அமெரிக்காவிலும் பால் பொருள்களுக்குக் கட்டுப்பாடு உண்டு. காரணம், நம் மாடுகளுக்கு வரும் கோமாரி நோய். 2001-இல் பிரிட்டனில் அது பரவியபோது 60 லட்சத்துக்கும் மேற்பட்ட கால்நடைகளைக் கொல்ல நேர்ந்தது. மாடு வளர்க்கிற நம் ஊர்க்காரர்களுக்கு அந்த இழப்பு புரியும். கறிவேப்பிலையும் வேண்டாம், எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களை அழிக்கும் நோயைப் பரப்பும் பூச்சி அதில் தங்கும்.

அமெரிக்காவில் பெல்ட் அருகே பீகிள் நாய் ஒன்று பெட்டிகளை மோந்தபடி வரும். பழமோ இறைச்சியோ இருந்தால் குரைக்காது. பெட்டிக்குப் பக்கத்தில் அமைதியாக உட்கார்ந்துவிடும். பயப்பட வேண்டாம். சாப்பாட்டுப் பொருள் இருக்கிறதா என்று கேட்டால், "இருக்கிறது" என்று சொல்லுங்கள். கொண்டுவரக் கூடாததாக இருந்தால் பொருளை மட்டும் எடுத்துக்கொள்வார்கள். மறைத்தால் 10,000 டாலர் வரை அபராதம் போடச் சட்டத்தில் இடமுண்டு.

திரும்பும்போதும் இதே நடைமுறைதான். சென்னையில் இறங்கி மதுரைக்கு உள்நாட்டு விமானம் பிடிப்பவர்களுக்குப் பெரும்பாலும் சென்னையிலேயே கஸ்டம்ஸ்; பெட்டியையும் அங்கேயே எடுத்து மறுபடி போட வேண்டும்.

டிக்கெட் போடும் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். நாலாயிரம் ரூபாய் மிச்சமாகிறதென்று இரண்டு தனி டிக்கெட்டாகப் போடாதீர்கள். நடுவழியில் பெட்டியை எடுக்க அந்த நாட்டுக்குள் நுழைய வேண்டிவரும். அதற்கு விசா கேட்பார்கள். அப்பா, அம்மாவுக்கு வீல்சேர் உதவி கேட்டுப் பதிவு செய்யுங்கள். அதற்குக் கட்டணமில்லை, வரும் உதவியாளர் இமிகிரேஷன், கஸ்டம்ஸ் வழியாகக் கூடவே அழைத்துப் போவார். எந்த ஊரில் பெட்டியை எடுக்க வேண்டும் என்பதைத் தமிழில் ஒரு தாளில் எழுதி பாஸ்போர்ட்டோடு வைத்துக் கொடுங்கள்.