‘ஆமா’ போட்டால் கதை வளரும்

எங்கள் பக்கத்துக் கோயில் கொடைகளில் வில்லுப்பாட்டு கேட்டவர்களுக்கு அந்த ‘ஆமா’ பழக்கம். அண்ணாவி வீசுகோலால் வில்லைத் தட்டிக் கதையில் ஒரு வரி சொல்வார். குடம் அடிப்பவரும் பின்பாட்டுக்காரரும் ‘ஆமா’ என்பார்கள். சில சமயம் ‘பொறவு என்ன செஞ்சா?’ என்று கேட்டுக் கதையைத் தள்ளுவார்கள். சில சமயம் ஒரு கிண்டலைச் சேர்ப்பார்கள். கூட்டம் சிரித்துவிட்டால் அண்ணாவி அந்தக் கிண்டலையே பிடித்துக்கொண்டு கொஞ்ச தூரம் போய்விட்டுத்தான் கதைக்குத் திரும்புவார். சங்கரன்கோவிலில் பிள்ளைகளுக்குக் கதை விளையாட்டு நடத்தும் எனக்கு இந்த ‘ஆமா’தான் பாடப்புத்தகம்.

2021 அக்டோபரில் தமிழக அரசு ‘இல்லம் தேடிக் கல்வி’த் திட்டத்தைத் தொடங்கியபோது தன்னார்வலராகச் சேர்ந்தேன். மாலையில், பக்கத்து வீட்டு விசைத்தறிச் சத்தத்துக்கு நடுவே வகுப்பு. கொரோனாவில் நெடுநாள் பள்ளிக்கூடம் பார்க்காத பிள்ளைகள். கதை சொல்லச் சொன்னால் தலையைக் குனிந்துகொள்வார்கள். அதனால் தனியாகச் சொல்லச் சொல்வதை விட்டுவிட்டு, வட்டமாக உட்கார வைத்து ஆளுக்கு ஒரு வரி சொல்ல வைத்தேன்.

“புத்துக்குள்ள ஒரு பாம்பு இருந்துச்சு” என்றான் ஒரு பையன். புற்றுமண் பிரசாதம் வாங்கும் ஊரில் வேறு எதில் கதை தொடங்கும்? அடுத்த பிள்ளை, “அது பிரியாணிக் கடை வச்சிருந்துச்சு” என்றாள். பிரியாணிக்கும் பேர்போனது எங்கள் ஊர். மூன்றாமவன் விடவில்லை. “பாம்புக்குக் கையே கெடையாதுல்லா, எப்படிக் கிண்டும்?” கதை அங்கேயே நின்றுவிட்டது. பிரியாணி சொன்னவள் முகம் சுருங்கிவிட்டது.

‘ஆமா’ விதியை அப்போது சொன்னேன். முன்னால் உள்ளவர் என்ன சொன்னாலும் முதலில் ‘ஆமா’. அதன் பிறகு உன் வரி. அதே பையன் யோசித்துச் சொன்னான்: “ஆமா, கை கெடையாது. அதனால வாலால கிண்டும்.” அடுத்தவள்: “ஆமா, வால் சுட்டுப்போச்சு.” அடுத்தவன்: “ஆமா, அதுக்கு மருந்து போட மயில் டாக்டர்கிட்ட போச்சு.” மயிலிடம் பாம்பு மருந்துக்குப் போவதை நான் மண்டையை உடைத்து யோசித்திருந்தாலும் எழுதியிருக்க முடியாது. அவன் ஆட்சேபத்தில் தப்பே இல்லை என்பதையும் கவனியுங்கள். கை இல்லை என்று அவன் கேட்டதால்தான் வால் வந்தது, வால் வந்ததால் மயில் வந்தது.

முன்னால் சொன்னதை ஏற்று அந்த நேரத்திலேயே கதை கட்டும் இந்த விளையாட்டை உலகம் ‘இம்ப்ரோவ்’ என்கிறது. அமெரிக்காவின் சிகாகோவில் வயோலா ஸ்போலின் என்ற பெண்மணி, குடியேறி வந்த குடும்பத்துப் பிள்ளைகளின் கூச்சத்தைப் போக்க விளையாட்டுகளை உருவாக்கினார். 1963இல் அவற்றைப் புத்தகமாக்கினார். அவர் மகன் பால் சில்ஸ் மற்றவர்களோடு சேர்ந்து 1959இல் தொடங்கிய ‘செகண்ட் சிட்டி’ இன்றும் புகழ்பெற்ற நகைச்சுவை மேடை. இங்கிலாந்துக்காரர் கீத் ஜான்ஸ்டன் 1979இல் எழுதிய ‘இம்ப்ரோ’ நூல், கூட நடிப்பவர் நீட்டுவதைத் தட்டிவிடும் பழக்கத்தைத் தவிர்க்கச் சொல்கிறது. ஆளுக்கு ஒரே ஒரு சொல்லாகக் கதை சொல்லும் விளையாட்டும் அவர் பயன்படுத்தியதே. தமிழில் இதை ஆடும்போது வினைச்சொல் கடைசியில் வருவதால், வாக்கியத்தை முடிக்கிற பிள்ளை கையில்தான் கதையின் கடிவாளம். ‘ராஜா – புலியை –’ வரைக்கும் வந்து, ‘மணந்தார்’ என்று முடிந்தால் வகுப்பே உருளும்.

நம் ஸ்பெஷல் நாடகக்காரர்களுக்கு இதெல்லாம் புதிதல்ல. ராஜபார்ட் ஓர் ஊர், ஸ்திரீபார்ட் ஓர் ஊர், பபூன் வேறோர் ஊர். ஒத்திகை கிடையாது, மேடையில்தான் சந்திப்பு. சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) தந்த ‘வள்ளி திருமணம்’ எல்லாருக்கும் மனப்பாடம் என்பதால், நாரதரும் வள்ளியும் தர்க்கம் பண்ணும்போது எவ்வளவு தூரம் விலகினாலும் திரும்பி வர வழி தெரியும். பிள்ளைகளுக்கும் அப்படி ஒரு தெரிந்த கதையைக் கையில் கொடுத்துவிட்டால் தைரியம் வந்துவிடுகிறது. எங்கள் ஊரில் அது சங்கன், பதுமன் கதை. சிவன் பெரியவரா, பெருமாள் பெரியவரா என்று இரண்டு நாகர்கள் சண்டை போட, கோமதி அம்மன் தவமிருக்க, சாமி பாதி அவர் பாதி இவராகச் சங்கரநாராயணராக வந்து நின்றார். இரண்டு பேருக்கும் ‘ஆமா’ சொன்ன சாமி! அந்த நாகர்கள் இன்று பஸ் ஸ்டாண்டில் சண்டை போட்டால் என்ன ஆகும் என்று கேட்டால் போதும்.

ஒன்றில் மட்டும் கண்டிப்பாக இருக்கிறேன். வாயாடிப் பிள்ளை ஒன்று கதையை மொத்தமாக வாங்கிக்கொண்டு போகும். அதற்கு வரி சொல்லும் முறையைத் தராமல், குடம் அடிப்பவர் வேலையைத் தருவேன்: தொடையில் தாளம் போட்டு ‘பொறவு?’ என்று கேட்க மட்டும்தான் அனுமதி. விளையாட்டு முடிந்த சூட்டோடு நோட்டில் எழுதச் சொல்வேன். அன்றைக்குச் சிவப்பு மை கிடையாது. நாலு வரிக்கு மேல் போகாத பிள்ளைகள் பக்கத்தைத் திருப்பி எழுதுகிறார்கள்.

வில்லுப்பாட்டுக் கலைஞர்களைக் கொடை இல்லாத மாதங்களில் பள்ளிகளுக்குக் கூப்பிட வேண்டும் என்பது என் ஆசை. பாட வைத்துப் பொன்னாடை போர்த்தி அனுப்பிவிடக் கூடாது. உரிய சம்பளம் கொடுத்து, குடத்தருகே இரண்டு பிள்ளைகளை உட்கார வைத்து, எங்கே ‘ஆமா’ போடுவது, எங்கே குறுக்கே கேட்பது என்று சொல்லித்தரச் செய்ய வேண்டும்.